குறைஞ்சுக்கிட்டே போன ஸ்வெட்டர்

காலையில ஷிப்டுக்குக் கெளம்புறப்ப பதினாறு வரி இருந்துச்சு. மத்தியானம் மூணு மணிக்கு வந்து எண்ணுனா ஒன்பது வரிதான் இருக்கு.

மாரிராஜ் செருப்பைக்கூட கழட்டல. செல்போன் டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு, பின்னல் ஊசியை மடியில வெச்சு மறுபடி எண்ணுனான். ஒன்பது. கீழ இருந்து மேல எண்ணுனான். அப்பவும் ஒன்பதுதான்.

"மோகன். ஏ மோகன்."

மூலையில போர்வை லேசா அசைஞ்சுச்சு.

"இன்னாடா."

"நான் போனப்புறம் ரூமுக்கு யாருடா வந்தா?"

"தூக்கம் வந்துச்சு. அதையும் இப்ப நீ தொரத்திட்ட."

"ஏழு வரியக் காணோம்டா."

"ஏழு வரியா? இன்னா பரீட்சையா எழுதினு கீற? படுடா."

போர்வை மறுபடி மூடிக்கிச்சு.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பென்னலூர்ல செங்கமலத்தக்கா வீட்டு மாடி ரூம் அது. மூணு பேரு இருந்தாங்க, மூணு பேருக்கும் மூணு ஷிப்ட். மாரிராஜ் காலை ஷிப்ட், ஒரகடத்துல கார் கம்பெனி. டெனிசன் மத்தியான ஷிப்ட், திண்டுக்கல் பையன், ஒரகடத்துல சீட் தைக்கிற கம்பெனில லைன் லீடர். மோகன் ராத்திரி ஷிப்ட், செய்யாறு பக்கம், குவாலிட்டில வேலை. எந்த நேரத்துல பாத்தாலும் அந்த ரூம்ல ஒருத்தன் தூங்கிக்கிட்டு இருப்பான். அதனால லைட்டே போடுறது கெடையாது. ஜன்னலுக்கும் பார்ட்ஸ் வர்ற அட்டைப்பெட்டியைக் கிழிச்சு, காத்துக்கு அடியில ஒரு விரக்கடை மட்டும் விட்டு அடைச்சு வெச்சிருந்தாங்க. வெளிய வெயில் தார் ரோட்டை உருக்கிக்கிட்டு இருந்தாலும் உள்ள எப்பவும் விடியக்காலம் மாதிரிதான். பேச்செல்லாம் கிசுகிசுதான். ஒரு வருசமா அந்த ரூம் தூங்கிக்கிட்டேதான் இருக்கு, ஆளுங்கதான் மாறி மாறி எந்திரிச்சுப் போறாங்க.

அந்த இருட்டுல உக்காந்துதான் மாரிராஜ் ஸ்வெட்டர் பின்னிக்கிட்டு இருந்தான். உடம்புல பனியன் நிக்காத வேக்காட்டுல, இளஞ்சிவப்பு உல்லன் நூல்ல, ஆறு மாசக் கொழந்தைக்கு ஒரு ஸ்வெட்டர்.

கொழந்தை அவன் அக்கா ரஞ்சனியோட மக. அக்காவைக் கட்டிக் குடுத்தது கோத்தகிரில. மச்சான் ரகுபதிக்குத் தேயிலை பேக்டரில வேலை. வளைகாப்புக்கு மாரிராஜுக்கு லீவு கெடைக்கல. கொழந்தை பொறந்தப்ப லைன்ல ஆளு இல்லைன்னுட்டாங்க. பேரு வெச்சப்ப ஆடிட். அதுக்குப் பதிலாத்தான் ஆன்லைன்ல ஒரு ஸ்வெட்டர் ஆர்டர் போட்டான். வந்து சேந்தத மச்சான் போட்டுக்கிட்டு நிக்கிற போட்டோவ அக்கா அனுப்புனா. அவருக்குக் கொஞ்சம் லூசாத்தான் இருந்துச்சு.

அன்னைக்கே போனும் வந்துச்சு.

"ஏல, பட்டனைத் தட்டுனா மாமனாயிருவியாலே?"

"அக்கா, சைஸு மாறி..."

"சைஸு கெடக்கட்டும். பாப்பாவுக்குக் காதுகுத்து வச்சிருக்கோம். உன் கையால ஒண்ணு செஞ்சு எடுத்துட்டு வா. என்ன எழவா இருந்தாலும் சரி, உன் கையால செஞ்சதா இருக்கணும். இல்லேன்னா நீ வரவே வேண்டாம், இவுக தம்பி மடியில வச்சுக் குத்திக்கிடுதோம்."

"சித்தப்பன் மடியிலயா? அக்கா, அப்படி எங்கயாச்சும் உண்டா?"

"மாமன் இல்லாத ஊர்ல என்ன செய்ய?"

போன் கட். அதுக்கப்புறம் அவன் அனுப்புன எந்த மெசேஜுக்கும் பதில் இல்ல. ரெண்டு நீல டிக்கு மட்டும் அக்கா மாதிரியே முறைச்சுக்கிட்டு நின்னுச்சு.

தாய்மாமன் மடி காலியாக் கெடக்க, சித்தப்பன் மடியில உக்காத்தி வெச்சுக் காதுகுத்தினா ஊரு முழுக்க என்ன கேக்கும்? இவன் செத்துட்டானான்னு கேக்கும். இல்ல அக்கா இவனைத் தலைமுழுகிட்டாளான்னு கேக்கும். ரெண்டுல எது மோசம்னு மாரிராஜுக்குத் தெரியல. அதை யோசிச்சு யோசிச்சே ஒரு வாரம் கம்பெனி சோறு எறங்கல.

பின்னல் கத்துக்கிட்டது கம்பெனி பஸ்ல. வீடியோவப் பாத்துக்கிட்டே ஊசி இல்லாம ரெண்டு கையையும் காத்துல மடக்கி மடக்கி ஆட்டுவான். பக்கத்து சீட்டு பெனிஷா ரெண்டு நாள் பாத்துட்டு, "அண்ணா, ஏதாவது வேண்டுதலா?"ன்னு கேட்டுட்டு முன் சீட்டுக்குப் போயிருச்சு. ஜன்னலுக்கு வெளிய ஏரி வரும். தண்ணிக்குள்ள கொக்கு வரிசையா நிக்கும். அதுக்குப் பின்னால வெள்ளை பிளாஸ்டிக் போத்துன புதுக் காரு வரிசையா நிக்கும். அரைத்தூக்கத்துல பாத்தா எது கொக்கு, எது காருன்னு பிரியாது. எல்லாம் வெள்ளை வெள்ளையா, கண்ணி கண்ணியா, யாரோ பின்னி வெச்ச மாதிரி இருக்கும். அந்தப் பஸ்ல இருக்கிற நாப்பது நிமிசம்தான் அவனுக்கு அக்கா முறைக்காத நேரம்.

காதுகுத்துக்கு இன்னும் இருபத்தோரு நாள் இருந்துச்சு. அப்பத்தான் இந்த ஏழு வரி காணாமப் போனது.

அன்னைக்கு விட்டதைப் பிடிக்க நாலு வரி பின்னுனான். கண்ணு சொக்குச்சு. ஜன்னல் ஓரத்துலதான் அவன் பாய். தலைமாட்டுல ஒரு பிளாஸ்டிக் வாளி, அதுக்குள்ள நூல் உருண்டை, கால்ல சிக்காம நூலை ஜன்னல் கட்டைல போட்டு வெப்பான். படுத்தான். அரைக்கண்ணுல வாளியப் பாத்தான். உள்ள அந்த இளஞ்சிவப்பு உருண்டை தானா மெதுவா திரும்புச்சு. பூனைக்குட்டி தூக்கத்துல பொரள்ற மாதிரி ஒரு சுத்து. கொஞ்சம் நின்னுச்சு. மறுபடி ஒரு சுத்து. எவ்வளவு அழகா இருக்குன்னு நெனச்சு சிரிச்சுக்கிட்டே தூங்கிட்டான்.

எந்திரிச்சு எண்ணுனா பதிமூணு இருக்க வேண்டிய இடத்துல பத்து வரி.

சாயங்காலம் கீழ எறங்குனான். செங்கமலத்தக்கா உச்சி வெயில் தாண்டுனதும் பக்கவாட்டுச் சந்துல, மாடி ஜன்னலுக்கு நேர் கீழ, நெழல்ல சேர் போட்டு உக்காந்துரும். மடியில செல்போன், செல்போன்ல சீரியல். முட்டி வலின்னு மாடிப்படி ஏறி ஒரு வருசமாச்சு.

"அக்கா, எங்க ரூமுக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"யாருப்பா வரப் போறாங்க? நான் இங்கயேதான குந்திகினு கீறேன். ஒரு ஈ எறும்பு ஏறல."

"நல்லாத் தெரியுமா?"

"இன்னாபா, போலீஸ் மாதிரி கேக்குற? உங்க ரூமாண்ட என் ஒரு கண்ணு எப்பவும் கீது. போ, போய் தண்ணி புடி, மோட்டார் நிக்கப் போவுது."

மாரிராஜ் படியில நின்னு வெரலை மடக்கி எண்ணுனான். வெளியாள் யாரும் வரல. மோகன் தூங்குறான். டெனிசன் வேலைக்குப் போயிட்டான். மிச்சம் இருக்கிற ஆளு யாரு? அவனேதான்.

ஏன்னா கம்பெனில அவன் பாக்குறதே பிரிக்கிற வேலை. வெளிநாட்டுல இருந்து சுத்திக் கட்டி வர்ற பார்ட்ஸைப் பிரிச்சு லைனுக்கு ஏத்தணும். ஒரு ஷிப்டுக்குத் தொள்ளாயிரம் பிரிப்பு. கண்ணு தூங்கிட்டா கை தூங்குமா? கை ஓவர்டைம் பாக்குது போல.

மறுநாள் டெனிசன்கிட்ட சொன்னான்.

"மாப்ள, தூக்கத்துல நானே பிரிச்சுடுறேன் போல."

டெனிசன் சிரிக்கல. லைன் லீடரா ஆனதுல இருந்து அவன் எதுக்கும் சிரிக்கிறதில்ல.

"கிளவுஸ் போட்டுப் படு."

போட்டுப் படுத்தான். கம்பெனி கிளவுஸ், முழங்கை வரைக்கும். எந்திரிச்சப்ப உள்ளங்கை வெந்து போயி இட்லி மாதிரி உப்பியிருந்துச்சு. வரி ரெண்டு கொறஞ்சிருந்துச்சு. அதோட அன்னைக்கு முழுக்க ஒரு பார்ட்டையும் வேகமாப் பிரிக்க முடியாம சூப்பர்வைசர்கிட்ட திட்டு வேற.

"பிரச்சினை கையில இல்ல மாப்ள, கெபாசிட்டில இருக்கு"ன்னான் டெனிசன். "நீ ஒத்தையா ஓட்டுற. ஒரு நாளைக்கு நாலு ஏறுது, மூணு எறங்குது. இப்படியே போனா பாப்பா பத்தாவது படிக்கிறப்ப ஸ்வெட்டர் ரெடியாகும். அது உன்கிட்ட யூனிபார்ம் கலர்ல கேக்கும். இதுக்கு ஒரே வழி, லைன் போட்டுரலாம்."

"என்ன லைன்?"

"மூணு ஷிப்டும் ஓட்டுவோம். நீ பின்னி வெச்சுட்டுத் தூங்கு. நான் காலைல எந்திரிச்சுப் பின்னுறேன். மோகன் சாயங்காலம். கைமாத்தும்போது எத்தனை வரின்னு செவுத்துல எழுதிக் கையெழுத்து. ஊசி ஒரு நிமிசம் நிக்கக் கூடாது."

மோகனை எழுப்பிக் கேட்டாங்க. "நான் குவாலிட்டி ஆளுடா, புரொடக்சன் கெடையாது"ன்னான். அப்புறம் பாப்பா போட்டோவக் காட்டுனதும், "சரி, கொழந்தைக்காக"ன்னான்.

அந்த வாரம் சொர்க்கம். மாரிராஜ் தூங்குறப்ப எங்கயோ ரெண்டு ஊசி மோதுற சத்தம் கேக்கும். டிக் டிக் டிக். அவன் வேலை செய்யுறப்பவும் அங்க ஸ்வெட்டர் வளர்றது மனசுக்குள்ள தெரியும், நெல்லு வளர்ற மாதிரி. கனவுல மூணு பேரும் ஒரே நூலோட வேற வேற முனையைப் பிடிச்சுக்கிட்டு மேகத்துக்கு நடுவுல உக்காந்திருப்பாங்க. கீழ எங்கயோ கோத்தகிரி.

செவுத்துல இருபது, முப்பத்திரண்டு, நாப்பத்தஞ்சுன்னு எழுதியிருந்துச்சு. ஊசியில எண்ணுனா இருபத்தெட்டு.

வாளில இருந்த நூலும் தீந்துபோச்சு. மாரிராஜ் ஸ்ரீபெரும்புதூர் கடைக்கு ஓடி நாலு உருண்டை வாங்குனான். புது நூலோட முனையப் பழசோட முடிச்சுப் போட்டு வாளில விட்டான். மூணே நாள்ல அதுவும் தீந்துச்சு. மறுபடி ஓடுனான். கடைக்கார சசிரேகா அக்கா அவனை மேலயும் கீழயும் பாத்துச்சு.

"தம்பி, கொழந்தைக்குன்னுதான சொன்ன?"

"ஆமாக்கா."

"ஆறு மாசக் கொழந்தைக்கு ரெண்டு உருண்டை போதும். நீ இதுவரைக்கும் ஒன்பது எடுத்திருக்க. கொழந்தையா, யானைக்குட்டியா?"

மாரிராஜ் நூலை வாங்கிட்டு வந்தான். வர்ற வழி முழுக்க யோசனை. ரூம்ல யாரோ தப்புப் பண்றாங்க.

"கணக்கு ஒதைக்குதே"ன்னு செவுத்தைக் காட்டுனான்.

மோகன் தொண்டையக் கனைச்சான். "நான் கொஞ்சம் ரீவொர்க் பண்ணேன்."

"எவ்வளவு?"

"டெனிசன் வரியில ஒரு கண்ணி விட்டுப்போச்சு. பிரிச்சுப் போட்டேன். ரெண்டு வரி. அவ்ளோதான்."

"என் வரியில கண்ணி விட்டுச்சா?" டெனிசனுக்கு மூக்கு வெடைச்சுச்சு. "என் லைன்ல ஒரு வருசமா ஒரு ரிஜெக்ட் கெடையாதுடா."

"உன் லைன்ல மெசின் தைக்குதுடா. இங்க நீ தைக்கிற."

"அப்ப பதினேழு வரி எங்க? சொல்லு. ரெண்டு நீ பிரிச்ச. மிச்சம் பதினஞ்சு?"

"என்னைக் கேட்டா? ராத்திரி முழுக்க கண்ணு முழிச்சுட்டு வந்து பகல்ல தூங்குறவன் பிரிப்பானா? உனக்குத்தான் மேல ஏறணும்னு ஆசை, வரிய ஏத்தி எழுதுற."

"நான் பொய் எழுதுறனா?"

கிசுகிசுன்னே சண்டை போட்டாங்க. பழக்க தோசம். யாரும் தூங்கலைங்கிறது யாருக்கும் ஞாபகம் வரல.

அதுக்கு மேல ரூம்ல ஸ்வெட்டரை விட்டு வெக்க மாரிராஜுக்குப் பயம். மறுநாள் ஊசியோட சுருட்டி டிபன் பைக்குள்ள வெச்சுக் கம்பெனிக்கே கொண்டு போயிட்டான். கேட்ல செக்யூரிட்டி சின்னப்பராஜ் சார் பையைத் தொறந்தார்.

"இது என்ன?"

"ஸ்வெட்டர் சார். பாதி."

"ஒரகடத்துல ஸ்வெட்டரா?"

"கோத்தகிரிக்கு சார்."

அவர் ரொம்ப நேரம் பாத்துட்டு, உள்ள வர்ற சாமான் நோட்டுல 'பின்னல், ஒண்ணு, முடியாதது'ன்னு அழகா எழுதிக்கிட்டு உள்ள விட்டார்.

மத்தியானம் வெளிய வர்றப்ப கையை நீட்டுனார்.

"கேட் பாஸ்?"

"எதுக்கு சார்?"

"உள்ள போன சாமான் வெளிய போகணும்னா கேட் பாஸ் வேணும்."

"காலைல நீங்கதான சார் விட்டீங்க?"

"உள்ள விடுறதுக்குத்தான் எனக்கு பவர். வெளிய விடுறதுக்கு ஸ்டோர்ஸ்ல கேளு."

ஸ்வெட்டர் கம்பெனிக்குள்ளேயே மாட்டிக்கிச்சு. மூணு நாள். மாரிராஜ் டெய்லி ஸ்டோர்ஸ் வாசல்ல போய் நிப்பான். அமலா மேடம் பாரத்தை எடுத்து வெச்சுக்கிட்டுக் கேக்கும்.

"பார்ட் நம்பர்?"

"இல்ல மேடம்."

"சப்ளையர்?"

"நான்தான் மேடம்."

"வெளிய போயிட்டுத் திரும்ப வருமா, வராதா?"

"வராது மேடம். கொழந்தை போட்டுக்கும்."

"பார்ட் நம்பரும் இல்ல, திரும்பவும் வராது. அப்ப கழிவுல எழுதுனாத்தான் வெளிய போகும். பரவாயில்லையா?"

மாரிராஜுக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஆனாலும் தலையாட்டுனான். மூணாவது நாள் மருமகளோட ஸ்வெட்டர் கழிவுன்னு கையெழுத்தாகி வெளிய வந்துச்சு.

அந்த மூணு நாள்ல ஒரு வரி கொறையல. அதான் இன்னும் மோசமாப் போச்சு. அப்ப தப்பு ரூம்லதான். எண்ணிப் பாத்துட்டு வந்து ரெண்டு பேரையும் ஒரு மாதிரி பாத்தான்.

"என்ன பாக்குற?"ன்னான் டெனிசன்.

"கம்பெனில பத்திரமா இருந்துச்சு."

"அப்ப நாங்க திருடனுங்க. அதான?"

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லாததுதான் கேக்குதே. மோகன், ஊசியை வெச்சுரு. லைன் ஸ்டாப்."

மோகன் கையில அவன் தனியா பின்னிக்கிட்டு இருந்த ஸ்வெட்டர் கை இருந்துச்சு. அந்த மூணு நாளும் மாரிராஜ் இல்லாத நேரத்துல இவங்க ரெண்டு பேரும் சும்மா இருக்க மாட்டாம வேற ஊசி வாங்கி ஆளுக்கு ஒரு கை பின்னியிருக்காங்க. டெனிசன் பின்னுன கை இறுக்கமா கயிறு மாதிரி. மோகன் பின்னுன கை மூணு தடவை பிரிச்சுப் பின்னி அழகா, ஒரு கண்ணி பிசகாம. அதை மோகன் வாளி மேல வெச்சுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டான்.

அதைப் பாத்ததும் மாரிராஜுக்கு அழுகையே வந்துருச்சு. ஒரு வருசமா இவன் டிபனை அவங்க எடுத்து வெச்சு, அவங்க துணிய இவன் மடிச்சு வெச்சு, முழிச்சிருந்து மூஞ்சியப் பாத்துக்கிட்டதே கொறைச்சல். அந்த சினேகிதத்தை ஒரு முழம் நூலுக்காக அத்துவிட்டுட்டானே.

"தப்புதான்டா. மன்னிச்சுருங்கடா. நான்தான் பிரிக்கிறேன், எனக்கு நிச்சயமாத் தெரியும். என் கையக் கட்டிப் போடுங்கடா."

டெனிசன் வாளி மேல இருந்த ஸ்வெட்டர் கையை எடுத்து நீவிவிட்டான்.

"காதுகுத்து என்னைக்கு?"

"நாளை கழிச்சு. நாளைக்கு சாயங்காலம் ஆறு மணி பஸ்."

"லீவு?"

"ரெண்டு நாள் குடுத்துட்டாங்க."

அது மட்டும் அதிசயமா கெடைச்சிருந்துச்சு. ஸ்வெட்டர் கதை கம்பெனி முழுக்கப் பரவி, சூப்பர்வைசரே கூப்பிட்டு, "போயிட்டு வா, இல்லேன்னா நீ இங்கயும் பின்ன ஆரம்பிச்சுருவ"ன்னு கையெழுத்துப் போட்டுட்டாரு.

"நானும் நாளைக்கு லீவு சொல்லிடுறேன்"னான் டெனிசன். போர்வைக்குள்ள இருந்து மோகன் சொன்னான், "நான் ராத்திரி ஷிப்டு முடிச்சு வந்து தூங்காம உக்கார்றேன். ஆனா இந்த தடவை எவனும் அவசரப்படக் கூடாது."

மறுநாள் விடிஞ்சதுல இருந்து மூணு பேரும் சுவத்துல சாஞ்சு வரிசையா உக்காந்தாங்க. ஒருத்தன் டார்ச் பிடிக்க, ஒருத்தன் பின்ன, ஒருத்தன் எண்ண. கையை உடம்போட சேத்தாச்சு. ஒரு கை இன்னொரு கையைவிட ரெண்டு விரக்கடை நீளம். போட்டுப் பாக்கக் கொழந்தை இல்லாததால இருபது லிட்டர் தண்ணி கேனுக்கு மாட்டிப் பாத்தாங்க. கேனுக்கு அளவெடுத்துத் தெச்ச மாதிரி இருந்துச்சு.

"கேனுக்கு இனிமே சளி பிடிக்காது"ன்னான் டெனிசன். மாரிராஜ் அவனை நிமிந்து பாத்தான். டெனிசன் சிரிச்சுக்கிட்டு இருந்தான்.

ரெண்டு மணிக்கு எல்லாம் முடிஞ்சுச்சு. கழுத்தை மட்டும் மூடணும். ஊசியில கடைசி வரிக் கண்ணிங்க நிக்குது. பத்து நிமிச வேலை.

"ஒரு அரை மணி கண்ண மூடிட்டு முடிப்போம்டா"ன்னான் மோகன். "தூக்கத்துல கழுத்தை மூடுனா தல போவாது."

ரூம் எடுத்ததுல இருந்து மூணு பேரும் ஒரே நேரத்துல தூங்குனது அன்னைக்குத்தான். பேன் சுத்துற சத்தமும் மூணு மூச்சும் ஒண்ணாப் போச்சு. மாரிராஜ் ஸ்வெட்டரை நெஞ்சு மேல வெச்சுக்கிட்டான். டெனிசன் வந்து, சொன்னபடி அவன் ரெண்டு கையையும் துண்டால கட்டிவிட்டான்.

கனவுல மருமக அவன் மடியில உக்காந்திருந்தா. காது குத்துறவர் கிட்ட வர்றாரு. அவ அழல. மாமனோட நெஞ்சுல இருந்து ஒரு இளஞ்சிவப்பு நூலைப் பிடிச்சு மெதுவா இழுத்துக்கிட்டே இருந்தா. இழுக்க இழுக்க வந்துச்சு. வலிக்கல. கூச்சமா, இதமா இருந்துச்சு. "எடுத்துக்கோ தாயி, எடுத்துக்கோ"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தான்.

முழிச்சப்ப மணி நாலரை.

நெஞ்சு மேல ரெண்டு கை இருந்துச்சு. ஸ்வெட்டரோட கை. உடம்பைக் காணோம். வெறும் ஊசி ரெண்டும் பாயில கெடந்துச்சு.

அவன் கை துண்டுக்குள்ள கட்டுனது கட்டுன மாதிரி இருந்துச்சு.

கட்டுன கையாலயே ரெண்டு பேரையும் தட்டி எழுப்புனான். மத்த ரெண்டு பேரும் எந்திரிச்சுப் பாத்தாங்க. யாரும் யாரையும் சந்தேகப்படல. மூணு பேரும் மூணு பேருக்கும் சாட்சி. மோகன் போய், ஒரு வருசத்துல மொதத் தடவையா லைட்டப் போட்டான். வெளிச்சத்துல அந்த ரூம் ரொம்பச் சின்னதாத் தெரிஞ்சுச்சு.

அப்பத்தான் போன் அடிச்சுச்சு. அக்கா. டெனிசன் கட்டை அவுத்துவிட்டான். ஸ்பீக்கர்ல போட்டான்.

"கெளம்பிட்டியால?"

"கெளம்பப் போறேன்க்கா."

"கையால செஞ்சியா?"

"செஞ்சேன்க்கா. மூணு வாரத்துக்கு மேல செஞ்சேன். ஆனா..."

"ஆனாவா?" அக்கா குரல் கொஞ்சம் உள்ள எறங்குச்சு. கோவம் மாதிரி இல்ல. "ஒன்னால ஒரு தடவையாச்சும் ஆனா இல்லாம பேச முடியாதா தம்பி? இவுக தம்பி புது வேட்டி எடுத்து வச்சிட்டு உக்காந்திருக்கான். நான் இன்னும் அவன்கிட்ட ஒண்ணும் சொல்லல. நீயே சொல்லு, என்ன சொல்லட்டும்?"

மாரிராஜ் பாயில கெடந்த ஊசியப் பாத்தான்.

"ஒரு அஞ்சு நிமிசத்துல கூப்புடுதேன்க்கா"ன்னு சொல்லி வெச்சுட்டான்.

மூணு பேரும் அந்த ரெண்டு கையைச் சுத்தி, கேத வீட்டுக்குத் துக்கம் கேக்க வந்தவங்க மாதிரி உக்காந்துட்டாங்க. அப்ப மாடிப்படில யாரோ ஒவ்வொரு படிக்கும் "அப்பா, முருகா"ன்னு நின்னு நின்னு ஏறி வர்ற சத்தம். செங்கமலத்தக்கா. ஒரு வருசமா ஏறாத படில ஏறி, கதவுல கையை ஊனி, மூச்சு வாங்கிக்கிட்டு நின்னுச்சு. இடுப்புல ஒரு மஞ்சப் பை.

"இன்னாபா, லைட்லாம் எரியுது? மூணு பேரும் ஒண்ணா குந்திகினு கீறீங்க? யாருக்கு இன்னா?"

"ஒண்ணும் இல்லக்கா. என்ன, தண்ணி பிடிக்கணுமா?"

"தண்ணி கெடக்கட்டும்." அக்கா பைக்குள்ள கையை விட்டு, இளஞ்சிவப்புல, உள்ளங்கை அகலத்துக்கு ரெண்டு குட்டிக் கையும் கழுத்துல பூ வெச்ச பட்டனுமா ஒரு ஸ்வெட்டரை வெளிய எடுத்து ஒதறிப் பிடிச்சுச்சு. "கம்பெனி வேஸ்ட்டு நூல மூணு வாரமா ஜன்னலாண்ட தொங்க விட்டுகினே கீறீங்களே, வீணாப் போவுதேன்னு கீழ குந்திகினு இழுத்து இழுத்துப் பின்னினேன், பத்து தபா புடிக்காம பிரிச்சுக் கடாசிட்டு, இன்னிக்குத்தான் ஒருவழியா முடிஞ்சுது, எங்க வூட்ல இந்த சைசுக்குக் கொழந்த இல்ல, உங்க சொந்தத்துல யாருக்காச்சும் கீதாப்பா?"